சாளையில் பூட்டும் பழைய புல்லட்: பெயின்டுக்கு முன்னால் எண்ணெய் போகிற வழி

கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு தோட்டத்துச் சாளையில், சோளத்தட்டுக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கும் நடுவில், அப்புச்சி ஓட்டிய புல்லட் ஒன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும். லீவுக்கு வரும் பேரனுக்கு அதைப் பிரித்துப் பூட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. தப்பில்லை. கோயம்புத்தூரின் தொழில் பெருமையில் பாதி ஜி.டி.நாயுடு பேரில் இருக்கிறது. அவர் கதையே ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்டதில்தான் தொடங்குகிறது.

பிரிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வம்பு அதற்குப் பிறகுதான். புது பெயின்ட், புதுக் குரோம், புது சீட் எல்லாம் போட்டு, முதல் ஸ்டார்ட் அன்றைக்கே பிக் எண்டு (கனெக்டிங் ராடு கிராங்க்கில் பூட்டும் முனை) ‘டொக் டொக்’ என்று அடித்துக்கொண்டு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் ஒரு பொதுவான குறை உண்டு: பளபளப்புக்குக் கொடுத்த கவனத்தில் கால்வாசியை எண்ணெய் போகும் ஓட்டைகளுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட்டைப் பற்றி: 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., நான்கு கியர், வலது காலில் கியர். அலுமினிய சிலிண்டர் வந்த பிந்தைய என்ஜின்களுக்கு இதில் பல கணக்குகள் ஒத்துவராது.

ஸ்பேனருக்கு முன் ஆர்.சி. புக்

வண்டி அப்புச்சி பேரிலேயே இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு பெயர் மாற்றத்தை முதலில் ஆரம்பியுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியானால் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கு ஆய்வாளர் சேஸ் நம்பரைப் பார்ப்பார், பென்சில் அச்சு எடுப்பார். புல்லட்டில் அந்த நம்பர் ஹேண்டில்பார் கழுத்துக் குழாயில் குத்தப்பட்டிருக்கும். சாண்ட் பிளாஸ்டிங் அடித்து, அதன் மேல் தடிப்பாகப் பவுடர் கோட்டிங் ஏற்றினால் அந்த எழுத்துப் பள்ளம் தூர்ந்துவிடும். அப்புறம் நம்பரைச் சுரண்டி எடுக்கப் போனால் திருட்டு வண்டிச் சந்தேகம்தான் வரும். பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும் முன்பே நம்பரைப் போட்டோ எடுத்து, பென்சில் அச்சும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மூன்று நான்கு அடுக்கு வெப்பம் தாங்கும் டேப்பால் மூடச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, ஒட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி ‘வி.ஏ.’ வரிசையில் விண்டேஜ் நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆசைப்பட்டு அவசரப்படாதீர்கள். அந்தப் பதிவில் கண்காட்சி, பழைய வண்டி அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

பிரிக்கும்போது

சாளையிலிருந்து சோளத்தட்டையும் தேங்காய் மட்டையையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். கொஞ்சம் தள்ளியிருக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் விழும் பொறி போதும். பாகம் கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் மட்டும், பெட்ரோல் ஒருபோதும் வேண்டாம்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது நம்மூர்ப் பழக்கம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை பிளாஸ்டிக் பையில் கட்டி எறியுங்கள்.

பழைய புல்லட்டில் மரை எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பி.எஸ்.எஃப். (பழைய பிரிட்டிஷ் நுண்மரை), சைக்கிள் மரை, பிற்காலத்தில் மெட்ரிக் எல்லாம் ஒரே வண்டியில் கலந்து கிடக்கும். ஓர் உதாரணம்: 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டின் தடிமன் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 22 மரை. 8 மி.மீ. மெட்ரிக் போல்ட் பார்வைக்கு அதே போலத்தான் இருக்கும். ஆனால் அங்குலத்துக்கு 20 மரை சொச்சம், மரையின் கோணமும் வேறு. அலுமினியக் கேஸில் அது இரண்டு சுற்று வழவழவென்று ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். ‘துருவாக இருக்கும்’ என்று ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தால் கேஸின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். கையால் முழுவதும் ஏறாத போல்ட் அந்த ஓட்டைக்கு உரியதல்ல. மரை கேஜ் ஒன்று சில நூறு ரூபாய், முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான். அதற்கடுத்து, கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் கொட்டாமல், அட்டையில் அந்தப் பாகத்தின் உருவத்தை வரைந்து, அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.

டைமிங் பக்கத்தைத் திறந்தால் கிராங்க் முனையில் எண்ணெய் பம்பை ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) இருக்கும். அதற்கு இடது மரை. வழக்கமான திசையில் கழற்றப் போய் முனையையே முறித்தவர்கள் உண்டு. ராக்கரை (வால்வை அமுக்கித் திறக்கும் கை) தாங்கும் பிளாக்குகளின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டும் ஜோடியாகக் கடைந்தவை. இன்லெட், எக்ஸாஸ்ட் மாற்றிப் பூட்டினால் ராக்கர் இறுகும். ஜோடிகளை வெவ்வேறு பையில் போட்டு எழுதி வையுங்கள்.

அளவு பார்க்காமல் சாமான் வாங்காதீர்கள்

சிலிண்டரை போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ரிங் ஓடாத அடிப்பகுதியைவிட மேற்பகுதி 0.2 மி.மீ. அகன்றிருந்தால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடுவது. ‘ரிங் மட்டும் மாத்திக்கலாமுங்க’ என்பது பணத்தை மிச்சப்படுத்தாது. தேய்ந்த போரில் புது ரிங் மேலே போகும்போது விரிந்து கீழே வரும்போது சுருங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்குள் பழையபடி புகைக்க ஆரம்பிக்கும்.

பிஸ்டனை வாங்கிக்கொண்டு போய் லேத்துக்காரர் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு அளந்து போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்ட ஓவர்சைஸை நம்பி முன்கூட்டியே அடித்து வைக்கக் கூடாது. வார்ப்பிரும்பு சிலிண்டரில் பிஸ்டனின் பாவாடைப் பக்கம் இடைவெளி பொதுவாக 0.08 முதல் 0.1 மி.மீ. இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று 0.05-க்கு அடித்த வண்டி முதல் ஏற்றத்திலேயே சீஸ் ஆகும், பிஸ்டன் சிக்கி நின்றுவிடும். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் இந்த வேலைக்குக் கைதேர்ந்த லேத்துகள் இருப்பது நமக்குக் கிடைத்த வரம். எல்லா ஓவர்சைஸும் தீர்ந்த சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு மறுபடி 70 மி.மீ.-க்குக் கொண்டுவரவும் இங்கே ஆள் உண்டு.

ரிங்கைப் பிஸ்டனில் பூட்டும் முன் சிலிண்டரின் அடிப்பக்கம் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.4 மி.மீ. சுமாருக்கு இருக்கட்டும். வாய் முட்டும் ரிங் சூட்டில் நீள இடமில்லாமல் போரைக் கீறும்.

கனெக்டிங் ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடும், அது இயல்பு. மேலும் கீழும் நேர்கோட்டில் ‘டிக்’ என்று ஒரு அசைவு விரலுக்குத் தெரிந்தால் பிக் எண்டு தேய்ந்திருக்கிறது. பழைய என்ஜின்களில் அங்கே இருப்பது ரோலர் அல்ல, வெள்ளை உலோகம் பூசிய மிதவை புஷ். எண்ணெய் ஒழுங்காக வந்தால் பல்லாண்டு ஓடும், எண்ணெய் நின்றால் சில நிமிடங்களில் உருகி வழியும். கிராங்க்கைப் பிரித்து ராடு மாற்றுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், பூட்டிய பிறகு இரு முனையையும் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் 0.03 மி.மீ.-க்குள் வரும்வரை செம்புச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வது பழகிய கையின் வேலை.

பனியன் வேஸ்ட்டும் எண்ணெய் ஓட்டையும்

நம் பக்கத்துப் பட்டறை எல்லாவற்றிலும் கை துடைக்க, பாகம் துடைக்கப் பனியன் வேஸ்ட்தான். திருப்பூர் கட்டிங் மிச்சம், கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும். என்ஜின் உள்ளே மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

காரணம் எண்ணெய் போகும் பாதையில் இருக்கிறது. புல்லட்டில் என்ஜின் எண்ணெய், எண்ணெய் டேங்க்கிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து ஃபில்டருக்கு, அங்கிருந்து டைமிங் கவர் வழியாக ஒரு கார்க் சீலைத் தாண்டி கிராங்க் முனையின் துளைக்குள் நுழைந்து, கிராங்க் பின் வழியே பிக் எண்டுக்குப் போகிறது. ஃபில்டர் பிடிப்பது அதற்கு முன்னால் வரும் அழுக்கை. கிராங்க் துளையைத் துடைக்கும்போது நீங்கள் விட்ட பஞ்சுநூல் ஃபில்டருக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? அதைப் பிடிக்க யாரும் இல்லை, நேராக பிக் எண்டுதான். ஒரு சென்டிமீட்டர் நூல், நாலு சொட்டு பழைய எண்ணெயோடு உருண்டு, துளையின் வளைவில் ஒரு கடுகு அளவு முடிச்சாக உட்கார்ந்தால் போதும். உள்பாகங்களுக்கு நூல் பிரியாத, பலமுறை துவைத்த பழைய வேட்டித் துண்டு. துளைகளுக்குத் துணியே வேண்டாம். டீசலை சிரிஞ்சில் எடுத்துப் பீச்சி, மறுமுனையில் தெளிவாகச் சீறி வரும்வரை கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள்.

ரீபோர் அடித்து வந்த சிலிண்டரையும் டீசலில் கழுவிவிட்டுப் பூட்டிவிடுகிறார்கள். போரை மெருகேற்றும் ஹோனிங் கல்லின் பொடி டீசலுக்குப் போகாது, கீறல்களுக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஏறக் கூடாது. உலர்ந்த உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும், பத்து நிமிடம் விட்டாலும் செந்துரு பூக்கும்.

அடுத்த எதிரி சிவப்பு சிலிகான் பேஸ்ட். கவர் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அது துண்டாக உதிர்ந்து எண்ணெய் வழியை அடைக்கும். பேப்பர் கேஸ்கட்டும் கிரீஸும் போதும். கேஸ்கட்டை நீங்களே வெட்டினால் போல்ட் ஓட்டையை எல்லாம் நினைவாகப் போட்டுவிட்டு, எண்ணெய் ஓட்டையை மறந்துவிடாதீர்கள். புதுக் கேஸ்கட்டை கவரின் முகத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் ஓட்டையும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கார்க் சீல் மலிவான சாமான்தான். இரவே எண்ணெயில் ஊறப் போட்டுப் பூட்டுங்கள். டைமிங் கவரைக் கையால் அமுக்கி வைத்ததும் அது முழுதாகப் படியக் கூடாது. கார்க் தாங்குவதால் மெல்லிய இடைவெளி நிற்க வேண்டும், திருகுகளை இறுக்கும்போது அது மூட வேண்டும். முதலிலேயே தொப்பென்று படிந்தால் கார்க் அழுந்தவில்லை, பம்பு தள்ளும் எண்ணெய் கிராங்க்குக்குள் போகாமல் பக்கத்தில் ஒழுகிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. ஃபில்டரையும் வாஷர், ஸ்பிரிங் வரிசை மாறாமல் பூட்டி, அந்த அறையை எண்ணெயால் நிரப்பிவிட்டே மூட வேண்டும்.

‘ஏனுங்க, ஆறு மாசம் சும்மா நின்னுச்சு, இப்ப ஸ்டார்ட் பண்ணினா பிரீதர்ல எண்ணெயாக் கொட்டுது, ரிங்கு போயிருச்சுங்களா?’ என்ற கேள்விக்கும் (பிரீதர் என்பது என்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்) பதில் எண்ணெய் பம்பில்தான். பம்பின் தட்டு சரியாகப் படியாவிட்டால் நிற்கும் வண்டியில் எண்ணெய் மெல்ல மெல்ல எண்ணெய் டேங்க்கிலிருந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். தட்டையும் அதன் இருக்கையையும் நைஸான கிரைண்டிங் பேஸ்ட் வைத்து எட்டு வடிவில் தேய்த்து, முகம் முழுதும் ஒரே மங்கல் நிறம் வரும்வரை படிய வைத்தால் நிற்கும். அந்தப் பேஸ்ட்டை முற்றாகக் கழுவிவிட வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டேங்க்

பெட்ரோல் டேங்க்கில் துரு எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள். அதன் புகையே சாளையில் உள்ள மற்ற இரும்பையெல்லாம் துரு ஏற்றிவிடும். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு போதும். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம், 14 லிட்டர் டேங்க்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி, மூடியை இறுக்காமல், திறந்தவெளியில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே உலர்த்தி, எண்ணெய் சுற்றிவிடுங்கள். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்வதற்குள் மறுபடி துரு பூத்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஓட்டை விழுந்த டேங்க்கை வெல்டிங் கடைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவதுதான் இந்த வேலையிலேயே உயிருக்கு ஆபத்தான காரியம். வருடக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்க்கிலும் மடிப்புகளுக்குள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், சூடு பட்டால் வெடிக்கும். சோப்பும் சுடுதண்ணீரும் ஊற்றிப் பலமுறை கழுவி, மூடியையும் பெட்ரோல் டேப்பையும் (குழாய்) கழற்றி, ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு அருகில் வரலாம். சின்ன ஓட்டைக்கு ரேடியேட்டர் கடையில் ஈயப்பற்று வைப்பதே நல்லது, ஆனால் அதற்கும் இதே கழுவல், இதே தண்ணீர்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ட்யூபை அது ஊற வைத்து விரிசல் விடச் செய்யும், பெட்ரோல் டேப்பின் கார்க்கைச் சுருக்கும், சில டேங்க் பூச்சுகளைத் தோலாக உரிக்கும். ட்யூபும் வாஷரும் எத்தனால் தாங்கும் ரகமாக வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பெயின்ட் எப்போது

என்ஜின், மட்கார்டு, டேங்க், சைலன்சர் எல்லாவற்றையும் துருவோடே ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்த பிறகு. மட்கார்டு சாய்ந்திருப்பது, டேங்க் ஃபிரேமில் முட்டுவது, சைலன்சர் கிளாம்ப் எட்டாதது எல்லாம் அப்போதுதான் தெரியும். பெயின்டுக்குப் பின் ஓட்டை போட்டால் அங்கிருந்துதான் முதல் துரு. ஆடி மாதத்தில் வீட்டில் ஸ்பிரே அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், தாராபுரம் பக்கத்துப் புழுதி முழுவதையும் உங்கள் கிளியர் கோட்டில் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போகும்.

முதல் ஸ்டார்ட்

பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் உண்டாக்கும் தொடர்பு முனைகள்) இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ., ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.5. அட்வான்ஸ் யூனிட் (வேகத்துக்கேற்ப ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் பாகம்) முழுதும் பின்வாங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுக்கு நடுவில் சிகரெட் தாளைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே என்ஜினை நகர்த்துங்கள், தாள் வழுக்கும் கணம்தான் அது. என்ஜின் குளிர்ந்த நிலையில் டப்பெட் (வால்வு) இடைவெளி பூஜ்யம்: புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சில பழைய 6 வோல்ட் வண்டிகளில் பாசிடிவ் எர்த். வயரிங்கைப் பார்க்காமல் பேட்டரி மாட்டாதீர்கள், ஒரு ஃபியூஸும் போட்டுவிடுங்கள்.

எண்ணெய் 2.25 லிட்டர், 20டபிள்யூ-50. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, இக்னிஷனை அணைத்து, டைமிங் கவரில் இருக்கும் ஃபீட் பிளக்கை (எண்ணெய் வழியை மூடும் திருகு) ஒன்றிரண்டு சுற்று தளர்த்திவிட்டு உதையுங்கள். பம்பு மெதுவாகச் சுற்றுவது, நாற்பது ஐம்பது உதை ஆகலாம். பொறுமை போய், ‘ஸ்டார்ட் ஆனா தானா ஏறிக்கும்’ என்று ஸ்பார்க் பிளக்கை மாட்டுகிற இடத்தில்தான் பிக் எண்டு புஷ் போகிறது. ஃபீட் பிளக்கில் எண்ணெய் கசிந்ததைப் பார்த்த பின் அதை இறுக்கி, ஸ்டார்ட் செய்து, ராக்கர் கவரைத் திறந்து அங்கும் எண்ணெய் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் அணைத்துவிட்டு டைமிங் கவரைக் கழற்றுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்ட வேண்டாம், ஊட்டி மலைக்கு இப்போது ஏற்ற வேண்டாம், பின்னால் ஆளும் வேண்டாம். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதும் ஆகாது, திராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை வெள்ளைப் பீங்கான் தட்டு அல்லது சுத்தமான எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் இறக்கி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறமாய் மினுமினுப்பு, காந்தத்தில் ஒட்டும் மை போன்ற பொடி இருந்தால் புது ரிங் படிந்துகொண்டிருக்கிறது, எண்ணெயை மாற்றிவிட்டு ஓட்டலாம். காந்தத்தில் ஒட்டாத, நகத்தால் அமுக்கினால் நசுங்குகிற வெள்ளிச் செதில் கிடந்தால் அது பெரும்பாலும் பிக் எண்டு புஷ்ஷின் வெள்ளை உலோகம். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.